எந்தக் கை

இரண்டு வாரத்துக்கொரு வியாழன்,
காலை பத்தேகால்.
மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு.
பொலிஸ் அப்படித் தட்டாது,
வீட்டுக்காரனும் தட்டமாட்டான்.
எனக்காகவே அவள் அதைக் கண்டுபிடித்தாள் என்று
ஏழு வருடம் நம்பியிருந்தேன்.
பிறகொருநாள் கீழே அர்மாந்தோவின் கதவில்
வேறொரு தாளம் கேட்டது.
ஆளுக்கொன்று வைத்திருந்தாள்.
முப்பத்தொரு கதவுகள்.

சிவயோகம்.
அலுவலகத்தில் யோகா.
உடற்பயிற்சி சொல்லித்தருபவள் என்று நினைத்து
பாயும் கையுமாய் வந்து நின்றாள் ஒருமுறை
முன்னறை டோனா.
அவள் சிரிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து
மூச்சை இழுத்து விடக் காட்டிக்கொடுத்தாள்,
தன் முழங்காலைத் திட்டியபடி.

ஹாமில்டனில் ஒரு மேட்டை மலை என்கிறார்கள்.
மலைக்கு மேலே ஆஸ்பத்திரி.
கீழே நாங்கள், எங்களுக்கும் கீழே இரும்பாலை, ஏரி.
இரவில் புகைபோக்கியின் உச்சியில் எரியும் தீ
என் பெயரைச் சொல்கிறது என்றேன்,
அவள் வந்த புதிதில்.
இல்லை என்பாள் என்று பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.
யன்னலடிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றாள்.
"எனக்குக் கேக்கேல்லை. உங்களுக்குக் கேக்குது.
நித்திரை கொள்ள விடுதோ, அது?"
அடுத்த முறை தடித்த திரைச்சீலையோடு வந்தாள்.
விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தாள்.

நல்லவள் என்று எழுத வரவில்லை.
ஒரு பெப்ரவரியில் நான் சோற்றை நிறுத்தி
குழாய்த் தண்ணீரையும் நிறுத்தியிருந்தபோது
தொலைபேசியை எடுத்தவள் அவள்தான்.
இரண்டு பொலிஸ்காரர், என் பைஜாமா, பனி.
பின்னால் என் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்,
கைக்கொன்றாய்.
துப்பினேன். கன்னத்தில் பட்டது.
துடைக்க அவளுக்குக் கை இருக்கவில்லை.

நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும்.
ஐந்து வாரம் கழித்து, வியாழன், பத்தேகால்,
மூன்று தட்டு, இடைவெளி, ஒன்று.
"எந்தக் கை?"
இடது என்றேன்.

அர்மாந்தோ தன்னை முடித்துக்கொண்ட கிழமையும் வந்தாள்.
ஊசி போட்டாள், இரத்த அழுத்தம் எழுதினாள்,
பூட்டியிருந்த கீழறையைத் தாண்டிப் போய்க்
காருக்குள் இருந்தாள்.
யன்னலில் நின்று எண்ணினேன்.
பதினொரு நிமிடம், நெற்றி ஸ்டியரிங்கில்.
பிறகு டப்பாவைத் திறந்து
ஆறிய சோற்றைக் கரண்டியால் தின்றாள்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்,
பார்ட்டன் வீதிப் பக்கம் திரும்பினாள்.
அடுத்த கதவு அங்கேதான்.

என் தலைக்குள் குடியிருப்பவர்களுக்கு
எல்லோரைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு.
என் தம்பி கள்ளன், டோனா உளவு பார்ப்பவள்,
வைத்தியர் எப்போதோ செத்துப்போனவர்.
அவள் விஷயத்தில் மட்டும்
அவர்களுக்குள் ஒற்றுமை வரவேயில்லை.
கட்சி பிரிந்து சண்டை பிடிப்பார்கள்.
அந்தச் சண்டைக்குள்
எனக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும்.
இருபத்திரண்டு வருடம் அப்படி.

ஜூனில் ஓய்வு பெற்றாள்.
மலைக்கு மேலே கேக் வெட்டினார்களாம்.
போகவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும்.
இப்போது லீயம் வருகிறான், நல்ல பொடியன்.
மணி அடிக்கிறான்.
"புதிதாக ஏதும் குரல்கள்?"
படிவத்தில் அப்படியொரு கேள்வி இருக்கிறது.
இல்லை என்றேன்.

சொன்னால் மருந்தைக் கூட்டுவார்கள்.
திரைக்கு அந்தப் பக்கம் தீ எரிய,
மற்றவர்கள் கத்தி ஓய்ந்த நேரத்தில்
ஒருத்தி மட்டும் மெதுவாய்க் கேட்கிறாள்:
எந்தக் கை?
போர்வைக்குள் இடதை நீட்டுகிறேன்.
போன முறையும் இடதெல்லோ, என்கிறாள்,
மற்றதைத் தாங்கோ.