அழைப்பாணை போகாத இடம்

ஷயான் நகரத்துக் காற்று ஓயாமல் பேசும்;
கோர்ட்டு வாசலைத் தாண்டினால்தான் வாயை மூடும்.
மூன்றாம் மாடியில் என் மேஜை.
ஜூரிக்கு ஆள் எடுப்பது என் வேலை.
மாட்டுப் பண்ணைக்காரர், தாதி, நிலக்கரி லாரி ஓட்டுபவர்
யாரென்று பாராமல் வயோமிங் முழுக்கத் துழாவிப்
பெயர் உருவுவேன்.
கன்று ஈனும் பருவத்தில் கடிதம் வந்துவிட்டால்
என் பிறப்பையே வைவார்கள்.

கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.
முதலில் கோடு வந்தது,
யாரோ அடிக்கோல் வைத்து இழுத்தது.
நாலு வருஷம் கழித்து வந்தது பூங்கா.
வெந்நீர் ஊற்றுக்குக் கோடு தெரியுமா?
மேற்கே ஐடஹோவுக்குள் ஒரு விரற்கடை,
வடக்கே மொன்டானாவுக்குள் இன்னும் கொஞ்சம்
வழிந்துவிட்டது.

அப்போது அங்கே சிப்பாய்கள் காவல்; சட்டம் இல்லை.
எருமையைச் சுட்டவனைப் பிடித்தால்
துப்பாக்கியைப் பிடுங்கி, எல்லைக்கு வெளியே
இறக்கிவிட்டு வருவார்கள்.
அடுத்த பனிக்கு அவன்
வேறு துப்பாக்கியோடு திரும்புவான்.
பிறகுதான் காங்கிரஸ் சொன்னது:
பூங்கா மொத்தமும் வயோமிங் கோர்ட்டுக்கு.
நாட்டில் எந்த மாவட்டக் கோர்ட்டும்
அடுத்த மாநிலத்து மண்ணில் கால் வைப்பதில்லை.
எங்களுடையது வைக்கும்.

மார்ச்சில் வந்தது அந்தக் கட்டு.
ஆர்வில் ஸ்ட்ரோம்பெர்க், ஐம்பத்திரண்டு வயது,
பூங்காக் காவலரின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டியவர்.
இடம்: அந்த ஐடஹோ விரற்கடை.
அவருடைய வக்கீல் மைடே ஈபார்ரா
மூன்றே பக்கத்தில் மனுப் போட்டார்:
குற்றம் நடந்த மாநிலத்திலும் மாவட்டத்திலும் இருந்தே
ஜூரி வர வேண்டும் என்கிறது அரசியல் சாசனம்.
மாநிலம் ஐடஹோ. மாவட்டம் வயோமிங்.
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நிலத்தில்
பைன் மரம் இருக்கிறது, கரடி இருக்கிறது.
எழுத்தரே, ஆளைக் கொண்டு வாருங்கள்.

நீதிபதி பட்டியல் கேட்டார்.
கணினியைத் தட்டினேன். பூஜ்ஜியம்.
உத்தரவு உத்தரவுதானே, இன்னொரு முறை தட்டினேன்.
பூஜ்ஜியம்.
அச்செடுத்து முத்திரை குத்தினேன்.
வெள்ளைத் தாளில் அது
பனியில் ஒரே ஒரு குளம்படி மாதிரி இருந்தது.

வாசலில் பைகளைச் சோதிக்கும் லெனோரா ஷோயோ
விண்ட் ரிவர்க்காரி, ஷோஷோனி.
சாப்பாட்டு மேஜையில் தாளைப் பார்த்துவிட்டு
முதலில் சிரித்தாள்.
"எங்கள் விலாசத்துக்கே தேடியிருக்கிறாய்" என்றாள்.
"மலையாடு தின்னிகள் என்று எங்களில் ஒரு கிளை.
அந்தப் பக்கமெல்லாம் அவர்கள்தான்.
வண்டி கட்டி வருகிற விருந்தாளிகள் பயப்படுவார்களாம்,
கீழே இறக்கிவிட்டார்கள்."
கரண்டியை நக்கினாள்.
"விட்டு வைத்திருந்தால் பன்னிரண்டு என்ன,
மாற்று ஆளும் சேர்த்துக் கொடுத்திருப்போம்.
ஒன்று, எங்கள் சித்தி மட்டும் ஜூரியில் இருந்தால்
உன் ஆர்வில் வீடு போய்ச் சேர மாட்டான்."

நான் பதில் சொல்லவில்லை.
எத்தனை பேர் என்று கேட்கும் கட்டம்
என் படிவத்தில் உண்டு.
ஏன் இத்தனை என்று கேட்கும் கட்டம் இல்லை.

வழக்கு தீர்ப்புக்கே போகவில்லை.
ஜூன் மாதம் ஆர்வில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.
தண்டனையில் பாதி குறைந்தது;
பதிலுக்கு, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவில்,
இந்தக் கேள்வியை மேல்முறையீட்டில் எழுப்ப மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டார்.
மைடே பேனாவை மூடிய சத்தம் எனக்குக் கேட்டது.
கடைசி வரிசையில் அந்தக் காவலர்
தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.
கேள்வி எழுந்த இடத்திலேயே நிற்கிறது,
அதன்மேல் பனி பெய்துகொண்டிருக்கும்.

தாள் கட்டில்தான் இருக்கிறது, ஆவணம் பதினான்கு.
யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம்,
பக்கத்துக்குப் பத்து காசு.
வெற்றுப் பக்கத்துக்குக் கழிவு உண்டா என்று
ஒருவர் போனில் கேட்டார்.
இல்லை என்றேன்.