உண்மை நகல்

மாவட்ட நீதிமன்றம், நகல் பிரிவு.
ஜெராக்ஸ் மிஷினுக்கு இன்று காய்ச்சல்.
தாளெல்லாம் பரோட்டாக் கல்லில் இருந்து வருவதுபோல்
சுடச்சுட விழுகிறது என் மடியில்.

வாதி: மேஸோன் சிகா பிரைவேட் லிமிடெட்.
(டவாலி கூப்பிட்டால் ‘மேசன் சீயக்கா’.)
பிரதிவாதி: மீரான் கனி,
கடை எண் 61, குன்னத்தூர் சத்திரம்.
கோட்டைத் திருடிவிட்டாராம்.
கோட்டை இல்லை, கோட்டு.

நீலம். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை.
இடப்பக்கம் மட்டும் பை,
பைக்கு மேலே பித்தளையில் இரட்டைக் கயல்.
அவர்களிடம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
மீரானிடம் தொள்ளாயிரம்,
பேசினால் எழுநூறு.

பிராது, பத்தி மூன்று:
‘எமது நிறுவனர் அமரர் தெய்வசிகாமணி அவர்கள்
மதுரையின் நள்ளிரவு வானைப் பார்த்திருந்தபோது
இவ்வடிவம் அவர் மனதில் உதித்தது.’

எதிருரை, பத்தி ஒன்பது:
எழுபத்தெட்டு, சித்திரை வெயில்.
புது மண்டபத்தில் யாளியின் காலடியில் ஒரு தையல் மிஷின்.
பெல்ஜியத்துக்காரி ஒருத்தி கோட்டை நீட்டி
‘இதேபோல் ஒன்று, நாளைக்கு’ என்றாள்.
நாளைக்கு அவள் வரவில்லை.
ரயிலோ வயிற்றுப்போக்கோ காதலோ,
பத்தியில் இல்லை.
ஏழு நாள் ஆணியில் தொங்கியது.
எட்டாம் நாள் தெய்வசிகாமணி தையலைப் பிரித்தார்.
கை வேறு, கழுத்து வேறு, தோள் வேறாக்கிச்
செய்தித்தாளில் வைத்து வரைந்துகொண்டு
திரும்பத் தைத்து
அதே ஆணியில் மாட்டினார்.
வலப்பக்கப் பையை மட்டும்
எலி கடித்திருந்தது.

சான்றாவணம் பி-4, பில் புத்தகம்:
‘வெள்ளக்காரி கோட்டு மாடல். 40 உருப்படி.’

கட்டு தடிமனாகிக்கொண்டே போகிறது.
மூத்த மகன் கம்பெனியைச் சிங்கப்பூருக்கு விற்றபோது
அப்பா பெயரும் கூடவே கப்பலேறியது.
இளையவர் மெய்கண்டான்
மகள் கல்யாணத் தாம்பூலப் பையில்
‘தெய்வசிகாமணி பேத்தி’ என்று அடித்ததற்கு
வக்கீல் நோட்டீஸ்.
தேங்காய்கள் வெறும் மஞ்சள் பையில் வீடு போயின.

அப்புறம் அந்த ஆரஞ்சுச் சட்டை.
குப்பை அள்ளுவோர் போடும் அதே மேல்சட்டை,
அதே வெள்ளிப் பட்டை,
எண்பத்து நாலாயிரம் என்று ஜன்னலில் நின்றது.
வார்டு முழுக்கத் திரண்டு, தங்கள் சட்டையோடு
பைபாஸ் ரோட்டுக் கடைவாசலில் உட்கார்ந்தது.
காவலாளிக்குக் குழப்பம்,
யாருக்குக் கதவைத் திறப்பது என்று.
உள்ளே போன இருளாயி
கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு
‘ஏசியில போட்டா இது நல்லாத்தான் இருக்கு’ என்றாராம்.

விற்காததையெல்லாம் எரித்தார்கள்,
கப்பலூர்ப் பக்கம் ஒரு சூளையில், ராத்திரியில்.
தள்ளுபடி போட்டால் பெயர் கெடுமாம்.
சாம்பலுக்குள் பித்தளை மீன்கள்
வேகாமல் கிடந்தன.
அதில் ஒன்று என் சாவிக்கொத்தில் இருக்கிறது.
அது ஆவணப்படுத்தப்படவில்லை.

‘கயல் யாருடையது?’ என்றார் நீதிபதி.
‘பதிவு செய்திருக்கிறோம், அய்யா.’
பின் பெஞ்சில் இருந்து ஒரு குரல்:
‘பாண்டியனுக்குச் சம்மன் அனுப்புங்க.’
அமைதி, அமைதி என்று டவாலி கத்தினார்,
சிரித்துக்கொண்டே.

வாய்தா, ஆடி கழிந்து.
இரு தரப்புக்கும் மும்மூன்று செட்.
நள்ளிரவு வானுக்கு ஒரு குத்து,
எலிக்கு ஒரு குத்து,
இரண்டிலும் அதே நீல மை:
உண்மை நகல்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால்
கடை எண் 61க்குப் போனேன்.
நான் யாரென்று சொல்லவில்லை.
அறுநூற்றைம்பதுக்குப் பேசி முடித்துவிட்டு,
வலப்பக்கமும் ஒரு பை
வைத்துத் தருவீர்களா என்றேன்.

மீரான் கனி
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
கொஞ்சம் கோபமாகவே சொன்னார்:
‘அது மாடல்ல இல்லையேம்மா.’