அலசியும் போகாதவை

தரமணி ஆய்வகம், மூன்றாம் மாடி.
தட்டின் குழிகளில் குடற்சுவர்,
ஒற்றை அடுக்கு உயிரணுக்கள்,
இருபத்தோரு நாள் ஊட்டி வளர்த்தவை.
என்றோ யாரோ ஒருவரின் வயிற்றில் இருந்தன.
இப்போது ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆவின் பாலில் ராத்திரி உறையூற்றி
காலையில் கிருமிகளை வடிகட்டிவிட்டு
தெளிநீரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
புளிப்பு, உடைந்த புரதத் துணுக்குகள்,
இன்னும் பெயர் வைக்காத ஏதேதோ.
முதலில் அது. அதன்மேல் பேதிக் கிருமி.
இரண்டு மணி நேரம் கழித்து மூன்று முறை அலசல்.
அலசியும் போகாததைத்தான் எண்ண வேண்டும்.

உறை, தயிருக்கு ஊற்றுவது.
உறைதல், குடியிருத்தல்.
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்
வேளச்சேரியில் வாடகைக்கு வீடு தேடியிருக்க மாட்டார்.

ஏழு வீடு பார்த்தாயிற்று.
ஏழாவது வீட்டுக்காரர் நல்ல மாதிரி,
மின்விசிறி போட்டு உட்காரச் சொன்னார்.
"சமையல் எப்படிம்மா?"
மீன் என்றேன்.
மேசைமேல் இருந்த சாவி
அவர் சட்டைப்பைக்குள் போனது.
அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு வரவேயில்லை.

மதியம் நுண்ணோக்கியை விட்டு எழுந்து
மெர்லின் எனக்கு நாற்காலி தந்தாள்.
தெளிநீர் படாத குழியில் நூற்றுப் பன்னிரண்டு.
பட்டதில் பத்தொன்பது.
கேன்டீனில் அவள் செலவில் இரண்டு டீ, ஒரு சமோசா.

அதோடு விட்டிருக்கலாம்.
நல்லதையும் விட்டுப் பார்த்தோம்,
அதே தயிரில் பிறந்ததை.
முப்பத்தேழு ஒட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது.
மறுபடி செய்தோம்.
பதினொன்று.
சுவரை வழுக்கலாக்கத் தெரிந்த நீருக்கு
விழுவது யாரென்று பார்க்கத் தெரியவில்லை.
பெற்ற பிள்ளை என்றும் பார்க்கவில்லை.

"இதையும் எழுதணுமா?"
மெர்லின் சன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.
பென்சிலால் எழுதினேன்.
கொஞ்ச நேரம் கழித்து, அதன்மேலேயே பேனாவால்.

இரவு எட்டாவது வீடு, மடிப்பாக்கம் உள்தெரு.
வீட்டுக்கார அம்மா கறியா மீனா என்று கேட்கவில்லை.
கரண்டுக்குத் தனி, தண்ணி லாரிக்குத் தனி,
பதினோரு மணிக்கு கேட் பூட்டிடுவோம், அவ்வளவுதான்.

குளியலறைக் கண்ணாடியோரம்
முன்பு குடியிருந்தவள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள்.
சிவப்பு, கறுப்பு, நிறம் போன ஒன்றிரண்டு.
பழக்கதோஷம், எண்ணினேன்.
பதினாறு.

"எவ்வளவு தேய்ச்சாலும் போகமாட்டேங்குது,
ஆள் விட்டு எடுத்துத் தரேன்" என்றார்.

இருக்கட்டும்மா, என்றேன்.