கெட்டில் கிரீக், ஒன்பது வரிகளில்

சாலையோரப் பலகைக்கு ஒன்பது வரிதான் இடம்,
வரிக்கு முப்பது எழுத்து என்றது மாவட்ட அலுவலகம்.
லுட்மிலா ஸுபான்சிச் வீட்டுச் சமையலறையில்
ஐந்து பேர் கூடினோம்.
வால்நட் ரொட்டி முதலில் தீர்ந்தது.

எங்கே இருக்கிறோம் என்பதிலேயே தகராறு.
மேற்கே நெடுஞ்சாலை, கிழக்கே சரக்கு ரயில்,
நடுவே நூற்றுப் பன்னிரண்டு கூரைகள்.
தபால் குறியீடு பக்கத்து ஊருடையது.
தீயணைப்பு வண்டி அதற்கும் அடுத்த ஊரிலிருந்து வரும்.
பனி தள்ளும் வண்டி யாருடையது என்று
ஒவ்வொரு ஜனவரியும் புதிதாய்ச் சண்டை.
"கிளீவ்லாந்துக்குக் கிழக்கே இருபத்தாறு நிமிடம்"
என்று எழுதினேன்.
"யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து"
என்றான் ஓடெல். தபால்காரன். சொல்லலாம்.

அப்புறம், பார்க்க வேண்டியவை.

ஏரி பதினோரு நிமிடத்தில்.
அதை எங்கள் பலகையில் போட்டால்
கரையில் இருக்கிற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
ஆனால் நவம்பரில் அது எழுந்து வந்து
எங்கள் வாசலில்தானே
இடுப்பளவு பனியைக் கொட்டிவிட்டுப் போகிறது?
அந்தப் பாத்தியதைக்கு ஒரு வரி.

தண்ணீர்த் தொட்டிக்கு
இரண்டு ஊரும் ஆளுக்குப் பாதி வர்ணம் அடித்தன.
எங்கள் பக்கம் தெரிவது
ஒரு பெயரின் வாலும் இன்னொன்றின் தலையும்:
எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்.
பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் அதைக்
கெட்ட வார்த்தையாக வைத்திருக்கிறார்கள்.

தண்டவாளத்துக்கு அப்பால்
காரில் உட்கார்ந்து படம் பார்த்த மைதானம்.
படம் நின்று பதினேழு வருஷம்; திரை நிற்கிறது.
செப்டம்பர் மாலையில் சரக்கு ரயில் கடக்கும்போது
பெட்டி பெட்டியாக நிழல் ஓடும் அதில்.
மார்வெல்லா ஒருமுறை எண்ணினாள்.
நூற்று நாற்பதில் தும்மல் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலும்
அடக்கத்துக்குப் பிந்தைய காபியும்
ஒரே மண்டபத்தில், ஒரே மேஜைவிரிப்பில்.
இதை எழுத வேண்டாம் என்றார்கள்.
எழுதிவிட்டு அடித்தேன்.

"சரி, பெயரில் ஓடை இருக்கிறதே,
அது எங்கே?" என்றார் இஸ்மாயில் டெம்பெலே.
மார்ச்சில்தான் குடிவந்தவர்.

யாரும் பேசவில்லை.
ஃபிரிட்ஜ் மட்டும் உறுமியது.

அன்றிரவு மழை விட்டதும்
மேலங்கியோடு எங்களைக் கூட்டிப்போனாள் லுட்மிலா,
மளிகைக் கடையின் கார் நிறுத்தத்துக்கு.
தள்ளுவண்டிகள் கோத்து நிற்கும் இடத்தருகே
ஒரு வட்ட இரும்பு மூடி.
"ஐம்பத்தெட்டில் குழாய்க்குள் விட்டார்கள்.
குனியுங்கள்."

குனிந்தோம்.
கீழே யாரோ அவசரமாக,
மூச்சு வாங்காமல்,
நம்மைப் பற்றியல்லாத ஏதோ ஒன்றைச்
சொல்லிக்கொண்டே போனார்கள்.

"எந்தப் பக்கம் போகிறது?" என்றார் இஸ்மாயில்.
அது தெரியாது லுட்மிலாவுக்கும்.
ஓடெல் மண்டியிட்டுக் காதை வைத்தான்,
எழுந்தான், அடுத்த மூடிக்கு நடந்தான்,
மறுபடி காது.
ஃபில்பர்ட் தெரு. தேவாலயத்தின் பின்புறம்.
வாயாடிப் பீகிள் நாய் உள்ள வீடு.
முழங்கால் இரண்டும் நனைந்து
ஏழாவது மூடியில் உட்கார்ந்துவிட்டான்:
இருபத்துமூன்று வருஷமாய் அவன் கடிதம் போடும் வழி,
வீடு தப்பாமல்.

ஒன்பதாவது வரி:
"மழைக்குப் பின் மூடியருகே குனியவும்."

மாவட்ட அலுவலகம் தொலைபேசியில் அழைத்தது.
கடைசி வரி புரியவில்லை,
தவிர, இரண்டு எழுத்து கூடுதல்.

ஏரியின் வரியிலிருந்து
எடுத்துக்கொள்ளச் சொன்னோம்.