எண்பத்தொரு சதவீதம்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி.
ராத்திரி பத்தானால்
தையல் மிஷின், சைக்கிள், பிளாஸ்டிக் குடம் ஆறும்
வராந்தாவுக்குப் போகும்.
அப்போதுதான் நாலு பேர் கால் நீட்டலாம்.
விடிந்தால் திரும்ப உள்ளே.

என் லேப்டாப்புக்கும் இதே பாடு.
நாலு ஜிபி ரேம்.
துறைமுகத்து கன்டெய்னர் பில்லெல்லாம் திறந்தால்
மூச்சு முட்டி
பாதியை எஸ்எஸ்டியில் இறக்கி வைக்கும்,
கேட்டால் தூக்கி வரும்.

"ஸ்வாப்பை நிறுத்திடுக்கா,
எழுத எழுத சிப்பு தேயும்" என்றான்
கல்மண்டபம் செல்வின்.
நிறுத்தினேன்.
மறுநாளே,
சேமிக்காத முப்பத்தேழு வரியோடு
எக்செல் செத்தது.
சம்பளத்தில் அரைநாள் போச்சு.
திரும்பப் போட்டேன்.

மூன்று வருஷம் ஆயிற்று.
மீதி ஆயுள் எண்பத்தொரு சதவீதம்
என்கிறது திரை.
விரல் விட்டு எண்ணினேன்:
இதே வேகத்தில் இன்னும் பன்னிரண்டு வருஷம்.
அவ்வளவு நாள் தாங்காது
ரப்பர் பேண்டில் நிற்கும் இந்த மூடி.

மிஷினை இழுத்து இழுத்து
வாசற்படி சிமெண்ட் ஓர் உள்ளங்கை அளவு
குழிந்து கிடக்கிறது.
அதற்கு எத்தனை சதவீதம்,
எந்த மென்பொருளும் சொல்லவில்லை.

மணி பத்து.
ஜெரால்டு,
அந்தப் பக்கம் பிடி.