கமாவுக்கு முன்

நாற்பத்தோராம் நாள்.
நீதிபதி ஆஷ்க்ராஃப்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
"ஃபைனலி" என்றார்.
கிரிம்ஸ்பி நகர மன்றத்தில்
மடிகளிலிருந்து கோட்டுகள் எழுந்தன.
யாரோ பேருந்துக்கு மணி பார்த்தார்கள்.

தட்டச்சில் நான்: ஃபைனலி. பிறகு கமா.
அந்தக் கமாவுக்குப் பின்னால்
இன்னும் பதினேழு பக்கம் உண்டென்று
எனக்குத் தெரியும்.
திங்கட்கிழமையிலிருந்து இது நான்காவது.
வாசலைக் கைகாட்டிவிட்டு
உட்காரச் சொல்லும் சொல்.

நீரிறைக்கும் பம்பு, வானொலி,
கயிறுகளில் உறைந்த பனி,
மூழ்கிய படகின் எடை, முதலாளியின் ரசீதுகள்
எல்லாம் தாண்டிப் பெயர்களுக்கு வந்தார்.
ஒன்பதாவது, ரெஜினால்ட் ஸ்கெல்டன், துணை மாலுமி.
கிடங்குக் கதவைத் திறந்துவைத்தவர்
அவர் அல்லர்.

மூன்றாம் வரிசையில் டோரீன் ஸ்கெல்டன்.
பதினான்கு வருடம்
மீன்சந்தையில் தான் நெருங்கியதும்
நின்றுபோகும் பேச்சுகளைக் கடந்து நடந்தவள்.
"ஃபைனலி" என்றாள்.
சத்தமாகக்கூட இல்லை.
கையுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஓர் எழுத்துகூட மாறவில்லை.
ஆனால் அவர் சொன்னது, கடைசியாக.
அவள் சொன்னது, ஒருவழியாக.
அவருக்கு அதன்பின் ஒரு வாக்கியம் வேண்டும்.
அவளுக்கு எதுவும் வேண்டாம்.

பார்வையாளர் பேச்சு பதிவில் ஏறாது,
அது விதி.
விசைமேல் விரல் கொஞ்சம் நின்றது.
தட்டினேன்.
முற்றுப்புள்ளி வைத்தேன்.

மறுநாள் பிரதி திரும்பி வந்தது.
மேற்பார்வையாளர் வினிஃப்ரெட்
சிவப்பு மையில் சொல்லை அடித்து
"யார் இது?" என்று ஓரத்தில் கேட்டிருந்தாள்.
புள்ளியை மட்டும்
அடிக்க மறந்திருந்தாள்.