முக்கால் இஞ்ச் வால்வு

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளிக்கொண்டு வரும்.
அப்படித்தான் நுழைந்தேன்
நிபால்தோவின் இரும்புக்கடைக்குள்.

"சொல்லுங்க, என் ராணி."

முக்கால் இஞ்ச் பித்தளை வால்வு, என்றேன்.
"யார் மாட்டப் போறாங்க?
அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்,
தப்பாப் போனா ரெண்டு நடை."

எனக்குப் பின்னால் நின்றவனுக்கு
வேண்டிய சாமானின் பெயரே தெரியவில்லை.
கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டான்.
அவனை யாரையும் கேட்டுவரச் சொல்லவில்லை.
அவன் ராஜாவும் இல்லை, பாவம்,
வெறும் வாடிக்கையாளன்.

மிர்த்தா சிரிக்கிறாள்:
"நல்ல மனுஷன்டி. வாயில சர்க்கரை, அவ்வளவுதான்."
உண்மைதான்.
கப்பல் பட்டறை மூடிக் கிடந்த குளிர்காலத்தில்
எனக்குக் கடன் எழுதியவன் அவன்.
அந்த நோட்டில் ராணி என்று இல்லை.
யாஸ்னா வுகோவிச், வெல்டர்
என்று இருந்தது.

அவன் கையெழுத்து.

எடை போட்டுப் பார்க்கிறேன்.
ஒரு சொல், ஒரு கிராம்கூட வராது.
சின்ன ஆணியும் அப்படித்தான்,
ஒவ்வொன்றாக வாங்கினால்.

இன்று மறுபடி போனேன், டெஃப்லான் டேப்புக்கு.
"சொல்லுங்க, என் ராணி."
"சொல்றேன், என் ராஜா.
சில்லறையை நீங்களே எண்ணிடுவீங்களா,
இல்ல, வீட்ல கேட்டுட்டு வரீங்களா?"

கடை முழுக்கச் சிரித்தது. அவனும்.
பிறகு அந்தச் சிரிப்பு
மரை கழன்ற திருகு மாதிரி
பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மீதி எண்ணூறு பெசோ,
நாலே நாலு காசு.
இரண்டு தடவை எண்ணினான்.